பிக்ஃபுட் தடயம் என்று தோன்றினால்: பெயர் வைப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

வாஷிங்டன் மாநிலத்துக் காஸ்கேட் மலைக் காடுகளில் தடம் பார்க்கப் புதிதாக வருகிறவர்களோடு போகும்போதெல்லாம் ஒரே விஷயம் நடப்பதைப் பார்க்கிறேன். ஓடைக்கரைச் சேற்றில் பெரிதாக ஒரு பள்ளம் தெரியும், யாராவது ஒருவர் "பிக்ஃபுட்" (இந்தக் காடுகளில் நிமிர்ந்து நடமாடுவதாகச் சிலர் நம்பும், முடி அடர்ந்த பெரிய மனிதக் குரங்கு) என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவார், அவ்வளவுதான், அதற்கப்புறம் அங்கே நிற்கிற யாருக்கும் நகக்குறி கண்ணில் படாது. குதிகாலும் கட்டைவிரலும் மட்டும்தான் தெரியும்.

பிக்ஃபுட் இருக்கிறதா என்று இங்கே வாதிடப் போவதில்லை. உங்கள் கையில் கிடைத்த தடயம் என்ன சொல்கிறது, எந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிடுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வரிசை இருக்கிறது, அதைத்தான் எழுதுகிறேன். முதலில் பதிவு, அப்புறம் அளவு, அப்புறம் தெரிந்த விலங்குகளை ஒவ்வொன்றாக விலக்குவது, பெயர் கடைசியில். பெயர் முன்னால் வந்துவிட்டால் மற்ற மூன்றும் அதற்குச் சாட்சி தேடுகிற வேலையாக மாறிவிடும்.

1. கிளம்பும் முன்

பையில் வேண்டியவை அதிகம் இல்லை. அளவுநாடா, நேரான ஸ்கேல் ஒன்று, நோட்டு, பென்சில் (மழையில் பேனா மை கரையும்), பிரகாசமான டார்ச், கையுறை, சின்ன இடுக்கி, காகித உறைகள், ஓரிரண்டு கிலோ பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், கரடி ஸ்ப்ரே (பாய்ந்து வரும் கரடியை விரட்டும் மிளகாய்த் தெளிப்பான்). கடைசியில் சொன்னதை விட்டுவிட்டு வராதீர்கள்.

பையைவிட முக்கியமான தயாரிப்பு வேறு. நீங்கள் போகும் காட்டில் இருக்கிற கருங்கரடி, எல்க் மான், மலைச்சிங்கம், கயோட்டி (நரி போன்ற காட்டு நாய்), பனிமுயல் இவற்றின் தடங்கள் சேற்றில் எப்படி விழும், பனியில் எப்படி விழும், சரிவில் எப்படி இழுபடும் என்று பார்த்துப் பழகுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகிற படி இது. கரடித் தடத்தின் பத்து வடிவங்களைப் பார்க்காத ஒருவர் "இது கரடி இல்லை" என்று சொன்னால் அதற்கு எந்த எடையும் கிடையாது.

இன்னொன்று, வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: "எதைப் பார்த்தால் இது பிக்ஃபுட் இல்லை என்று ஒப்புக்கொள்வேன்?" நகக்குறி, முன்னங்கால் தடம், எல்லாத் தடமும் ஒரே அச்சாக இருப்பது என்று பட்டியல் போடுங்கள். காட்டுக்குள் நின்று பரபரப்போடு யோசித்தால் இந்தப் பட்டியல் தானாகவே சுருங்கிவிடும், அதனால்தான் முன்கூட்டியே எழுதச் சொல்கிறேன்.

2. பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு எழுதுங்கள்

கூட வந்தவர்களோடு பேசுவதற்கு முன், ஆளுக்கொரு பக்கம் தனித்தனியாக எழுத வேண்டும். நேரம், இடம், வெளிச்சம், கடைசியாக எப்போது மழையோ பனியோ பெய்தது, தரை என்ன மாதிரி, நீங்கள் எவ்வளவு தூரத்தில் நின்றீர்கள். அப்புறம் பார்த்ததை வடிவமாக மட்டும் எழுதுங்கள். "சுமார் 15 அங்குல நீளப் பள்ளம், ஒரு முனையில் ஐந்து சிறு குழிகள்" என்பது பதிவு. "பெரிய பாதம், ஐந்து விரல்" என்று எழுதினால் அது முடிவு, பாதம் என்ற சொல்லிலேயே பாதி தீர்ப்பு வந்துவிட்டது.

ஏன் தனித்தனியாக? நினைவு ஒன்றோடொன்று கலந்துவிடும். நான்கு பேர் அரை மணி நேரம் பேசிய பிறகு எழுதினால் நான்கு சாட்சிகள் கிடைக்க மாட்டார்கள், ஒரே சாட்சியத்தின் நான்கு பிரதிதான் கிடைக்கும். முரண்பாடுகளைத் திருத்தாதீர்கள். ஒருவர் ஆறடி என்கிறார், இன்னொருவர் எட்டடி என்கிறார் என்றால் அந்த இரண்டடி வித்தியாசம்தான் அங்கே கிடைத்த நல்ல தகவல், உயர மதிப்பீட்டை எவ்வளவு நம்பலாம் என்று அது காட்டுகிறது.

3. தொடுவதற்கு முன் படம்

முதலில் தூரத்திலிருந்து சுற்றுப்புறத்தோடு ஒரு படம், அப்புறம் நெருக்கமாக. நெருக்கப் படத்தில் ஸ்கேல் தடத்தின் பக்கத்தில், தடத்தின் அடிப்பகுதி இருக்கும் மட்டத்துக்கு ஒத்து இருக்க வேண்டும், கேமரா நேர் மேலே இருக்க வேண்டும். சாய்வாக எடுத்தால் நீளம் மாறும், அதை வைத்துப் போடும் கணக்கு எல்லாமே மாறும்.

செருப்பையோ தண்ணீர் பாட்டிலையோ பக்கத்தில் வைத்து எடுத்த படங்கள்தான் இணையம் முழுக்கக் கிடக்கின்றன. அவற்றிலிருந்து ஒரு அளவும் எடுக்க முடியாது.

மேகமூட்டமாக இருந்தாலும் நடுப்பகலாக இருந்தாலும் பள்ளம் தட்டையாகத் தெரியும். டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்து, நான்கு பக்கமிருந்தும் தனித்தனியாக எடுங்கள். நகக்குறியும் விரல்களுக்கு நடுவில் இருக்கும் மண்மேடும் இந்தச் சாய்ந்த வெளிச்சத்தில்தான் வெளியே வரும். ஒரே பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்த படத்தில் நிழல் நமக்கு வேண்டிய விரல்களை வரைந்து கொடுத்துவிடும், அதனால் நான்கும் வேண்டும்.

4. ஒற்றைத் தடத்தை நம்பாதீர்கள், வரிசையைப் பின்னோக்கிப் போங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். ஒரு தடம் எப்படி வேண்டுமானாலும் விழுந்திருக்கலாம். இருபது தடங்கள் தொடர்ந்து இருந்தால் விலங்கு தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும்.

தடம் வந்த திசையை நோக்கிப் போங்கள், போன திசையை நோக்கிப் போகாதீர்கள். புதிய தடத்தைப் பின்தொடர்ந்து முன்னே போவது என்றால் அநேகமாக ஒரு கரடியைத் துரத்திக்கொண்டு போகிறீர்கள் என்று அர்த்தம்.

தரை மாறுகிற இடங்களில் நில்லுங்கள். விழுந்த மரத்தைத் தாண்டும் இடம், சரிவு ஏறும் இடம், திரும்பும் இடம், சேறு முடிந்து மணல் தொடங்கும் இடம். சமதரையில் நடக்கும் கரடியின் பின்னங்கால் பல நேரம் முன்னங்கால் தடத்தின் மேலேயே ஓரளவு ஏறி விழும், இரண்டும் சேர்ந்து ஒரே நீளமான பாதம் மாதிரி ஆகிவிடும், நாலு கால் விலங்கு இரண்டு காலில் நடந்த மாதிரி தெரியும். ஆனால் அது திரும்பும்போதும் வேகம் மாறும்போதும் அந்த ஒழுங்கு குலையும், முன்னங்கால் தனியாக வெளியே வந்துவிடும். நீங்கள் தேடுவது அந்த இடத்தைத்தான்.

பனியில் இன்னொரு ஏமாற்று உண்டு. பனிமுயல் தாவிப் போகும்போது நான்கு கால்களும் ஒரு கொத்தாக விழும். வெயிலில் உருகினால் அந்தக் கொத்து ஒரே பெரிய பள்ளமாகிவிடும். சீரான இடைவெளியில், ஒற்றை வரிசையில், பெரிய பெரிய "பாதங்கள்". 2019 ஏப்ரலில் நேபாளத்தின் மகாலு சிகர அடிவார முகாமுக்குப் பக்கத்தில் 32 அங்குலம் நீளம், 15 அங்குலம் அகலத்தில் எட்டியின் (இமயமலையில் இருப்பதாகச் சொல்லப்படும் பனிமனிதன்) தடங்களைக் கண்டதாக இந்திய ராணுவம் ட்விட்டரில் படம் போட்டது பலருக்கும் நினைவிருக்கும். நேபாள ராணுவத் தரப்பிலிருந்தும் உள்ளூர்க்காரர்களிடமிருந்தும் வந்த பதில், அந்தப் பக்கம் அடிக்கடி தெரியும் கரடித் தடம் என்பது. பனியில் கிடைக்கும் அளவை விழுந்த அன்றைய அளவாக எடுத்துக்கொள்ளவே கூடாது. ஓரங்கள் கூர்மையாக இருக்கின்றனவா, வழுவழுவென்று உருகியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். நிழலில் இருக்கும் தடத்தையும் வெயிலில் இருக்கும் தடத்தையும் தனித்தனியாக அளந்து ஒப்பிடுங்கள், ஒரே வரிசையில் வெயில் பக்கத் தடங்கள் மட்டும் பெரிதாக இருந்தால் காரணம் உங்கள் கண் முன்னாலேயே இருக்கிறது.

5. கரடியை முதலில் விலக்குங்கள்

ஏன் முதலில் கரடி? வட அமெரிக்கக் காடுகளில் ஐந்து விரலும் குதிகாலும் பதியும்படி நடக்கிற பெரிய விலங்கு அதுதான், தேவைப்பட்டால் இரண்டு காலில் எழுந்து நிற்கும், சில அடி நடக்கவும் செய்யும். நியூ ஜெர்சியில் முன்னங்கால்களில் காயம்பட்ட ஒரு கருங்கரடி வீடுகளுக்கு நடுவே நிமிர்ந்து நடந்து போவதை 2014 முதல் மக்கள் வீடியோ எடுத்தார்கள், பெடல்ஸ் என்று பெயரும் வைத்தார்கள். முன்பின் தெரியாத ஒருவர் அந்தியில் அதைப் பார்த்தால் என்ன சொல்லியிருப்பார்?

2024-இல் ஜர்னல் ஆஃப் ஜுவாலஜியில் ஃப்ளோ ஃபாக்சன் என்பவரின் ஆய்வு வெளிவந்தது. மனித மக்கள்தொகையையும் காட்டுப் பரப்பையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், ஒரு மாநிலத்தில் கருங்கரடிகள் 1,000 கூடினால் பிக்ஃபுட் பார்த்ததாக வரும் தகவல்கள் சராசரியாக 4 சதவீதம் கூடுகின்றன என்பது அதன் கணக்கு. எல்லாப் பார்வையும் கரடிதான் என்று இது நிரூபிக்கவில்லை, கரடி இல்லாத இடங்களிலிருந்தும் தகவல்கள் வரத்தான் செய்கின்றன. ஆனாலும் எந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும் என்பதை இது தீர்த்துவிடுகிறது.

தடத்தில் பார்க்க வேண்டியது விரல்களின் வரிசை. மனிதப் பாதத்தில் பெரிய விரல் உள்பக்கம். கரடிக்குப் பெரிய விரல் வெளிப்பக்கம், சின்னது உள்பக்கம். அதனால் கரடியின் இடது தடம் பார்க்க மனிதனின் வலது பாதம் மாதிரி இருக்கும். வரிசையில் இடது வலது மாறி மாறி வருகிறதா, பெருவிரல் எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு தடத்துக்கும் குறியுங்கள். நகக்குறி இல்லை என்பதால் கரடி இல்லை என்று சொல்லிவிட முடியாது, கெட்டியான தரையில் நகம் பதியாமலே போகும். கருங்கரடியின் பின்னங்கால் தடம் சுமார் 7 அங்குலம்தான், ஆனால் முன்னங்காலோடு சேர்ந்து விழுந்தால் 14, 15 என்று எளிதாகப் போகும்.

6. அளவிலிருந்து உயரத்துக்கும் எடைக்கும் தாவாதீர்கள்

மனிதர்களின் பாத நீளம் உயரத்தில் ஏறக்குறைய 15 சதவீதம். இந்த விகிதத்தை அப்படியே எடுத்து 16 அங்குலத் தடத்துக்குப் போட்டால் உயரம் 8 அடி 10 அங்குலத்துக்கு மேல் வரும். சரி, சேற்றின் ஓரம் சரிந்து நீளம் இரண்டு அங்குலம் கூடியிருக்கிறது, உண்மையில் 14 தான் என்று வைத்துக்கொள்ளுங்கள், உயரம் 7 அடி 9 அங்குலம். இரண்டு அங்குலப் பிழையில் ஒரு அடிக்கு மேல் போய்விட்டது. அதுவும் மனித விகிதம் அந்த உயிருக்குப் பொருந்தும் என்று நாமாகவே வைத்துக்கொண்டு.

ஆழத்திலிருந்து எடை சொல்வது இன்னும் மோசம். பள்ளத்தின் ஆழத்தை எடை மட்டும் தீர்மானிப்பதில்லை, பாதத்தின் பரப்பு, மண்ணின் ஈரம், அடியில் கல் இருக்கிறதா, கால் வைத்த வேகம் எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கின்றன. பக்கத்தில் நீங்களே ஒரு அடி வைத்து ஒப்பிடுவது நல்லதுதான், செய்யுங்கள். ஆனால் அந்தத் தடம் நேற்று மழையில் விழுந்து, நீங்கள் இன்று காய்ந்த மண்ணில் மிதித்தால், அதிலிருந்து 400 கிலோ விலங்கை வரவழைக்க முடியாது. வெறும் எண்ணை எழுதுங்கள்: ஆழம் இவ்வளவு, என் தடத்தின் ஆழம் இவ்வளவு, என் எடை இவ்வளவு. கணக்கு போடுவதை விட்டுவிடுங்கள்.

7. பிளாஸ்டர் வார்ப்பு, கூடவே ஒரு ஒப்பீட்டு வார்ப்பு

படங்கள் எல்லாம் முடிந்த பிறகுதான் வார்ப்பு, ஏனென்றால் வார்ப்பு எடுத்ததும் தடம் அழிந்துவிடும். தண்ணீர் ஒரு பங்கு, பிளாஸ்டர் இரண்டு பங்கு. தண்ணீரில் பிளாஸ்டரைப் போட்டுக் கலக்குங்கள், கட்டி விழாது. தடத்தின் ஓரத்திலிருந்து மெதுவாக ஊற்றி, அரை மணி நேரத்துக்குக் குறையாமல் விட்டு, அப்புறம் எடுங்கள். மண்ணை அங்கேயே தேய்த்துக் கழுவ வேண்டாம், நன்றாகக் காயட்டும்.

புதியவர்கள் செய்யாத ஒன்று: அதே மண்ணில், ஒரு அடி தள்ளி, உங்கள் முழங்கையையோ வழவழப்பான ஒரு கல்லையோ அழுத்தி, அதே கலவையை ஊற்றி இரண்டாவது வார்ப்பு எடுப்பது. காரணம் இருக்கிறது. வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மானிடவியலாளராக இருந்த குரோவர் கிராண்ட்ஸ் சில வார்ப்புகளில் கைரேகை மாதிரியான வரிகள் இருப்பதைப் பார்த்து, இதைப் போலி செய்ய முடியாது என்று நம்பினார். மாட் குரோலி என்பவர் பின்னால் பல வகை மண்ணில் சோதனை செய்து காட்டினார், நுண்ணிய காய்ந்த மண் பிளாஸ்டரிலிருந்து தண்ணீரை உறிஞ்சும்போது அந்த மாதிரி வரிகள் தாமாகவே உண்டாகின்றன, பாதமே இல்லாத இடத்திலும். உங்கள் கல்லின் வார்ப்பிலும் அதே வரிகள் வந்தால் கேள்வி அங்கேயே முடிந்தது. வரவில்லை என்றால் உங்களிடம் உண்மையிலேயே பேச ஒரு விஷயம் இருக்கிறது.

பெரிய வார்ப்பு என்றால் பெரிய சான்று என்றும் நினைக்க வேண்டாம். 2000 செப்டம்பரில் வாஷிங்டனின் கிஃபர்ட் பின்ஷோ தேசியக் காட்டில், பிக்ஃபுட் தேடிப் போனவர்கள் பழம் வைத்திருந்த சேற்றோரத்தில் ஏதோ ஒன்று படுத்துக் கையூன்றியது போன்ற தடம் கிடைத்து, அது ஸ்கூக்கம் வார்ப்பு என்று பெயர் பெற்றது. கிராண்ட்ஸ் உட்பட சில அறிஞர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள். எல்க் மான் படுத்து எழுந்த இடத்தைப் பார்த்துப் பழகியவர்கள் அதில் மானின் கால் மடிந்த குறியைப் பார்த்தார்கள், எல்க் முடியும் அங்கேயே இருந்தது. பிக்ஃபுட்டின் பின்புறம் எப்படிப் பதியும் என்று யோசிப்பதற்கு முன்னால் மான் படுத்தால் எப்படிப் பதியும் என்று கேட்டிருக்க வேண்டும். ஐந்தாவது படியில் சொன்ன அதே வரிசைதான்.

8. முடி, எச்சம்

இதுவரை சொன்ன எதையும்விட ஆய்வகத்துக்குப் போகக்கூடிய தடயம் இதுதான். அதனால்தான் இதைக் கெடுத்துக்கொள்வதும் வலிக்கும்.

கையுறை இல்லாமல் தொடாதீர்கள். வேர் இருக்கும் முடியை இடுக்கியால் எடுத்துக் காகித உறையில் போடுங்கள், ஒவ்வொரு இடத்துக்கும் தனி உறை, மேலே நேரம், இடம், எடுத்தவர் பெயர். பிளாஸ்டிக் பை வேண்டாம், ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். குனிந்து பேசாதீர்கள், தும்மாதீர்கள். மனித டிஎன்ஏ கலந்துவிட்டால் முடிவில் "மனிதனுக்கு நெருக்கமானது" என்று வரும், அதைக் கேட்டுக் கூட்டம் துள்ளிக் குதிக்கும், ஆனால் அது உங்கள் எச்சிலாக இருக்கலாம். கூட வந்தவர்களில் யார் யார் அங்கே இருந்தார்கள் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள்.

என்ன வரும் என்று எதிர்பார்க்கலாம்? பிக்ஃபுட்டைத் தேடிக்கொண்டிருந்த பீட்டர் பைர்ன் 1976-இல் திசுவோடு ஒட்டியிருந்த 15 முடிகளை எஃப்பிஐக்கு அனுப்பினார், பதில் மான் குடும்பம். அந்தக் கோப்பு 2019-இல் வெளியானது. ஆக்ஸ்போர்டின் மரபியலாளர் பிரையன் சைக்ஸ் குழு உலகம் முழுவதிலிருந்தும் பிக்ஃபுட், எட்டி என்று அனுப்பப்பட்ட முடிகளை வாங்கிப் பரிசோதித்து 2014-இல் முடிவை வெளியிட்டது. 30 மாதிரிகளில் மரபு வரிசை கிடைத்தது, அமெரிக்க மாதிரிகள் கருங்கரடி, குதிரை, மாடு, நாய் அல்லது ஓநாய், முள்ளம்பன்றி, மான், ரக்கூன், ஒரு மனிதர் என்பவை உட்படப் பல வகையாகப் பிரிந்தன. இமயமலைப் பகுதியின் இரண்டு மாதிரிகள் பழங்காலப் பனிக்கரடியோடு பொருந்துவதாக அப்போது சொன்னார்கள், மற்ற ஆய்வாளர்கள் மறுபடி பார்த்தபோது அது பழுப்புக் கரடிக்குள்ளேயே அடங்கியது. 2017-இல் இன்னொரு ஆய்வுக் குழுவினர் எட்டியுடையவை என்று சொல்லப்பட்ட எலும்பு, பல், தோல், முடி, எச்சம் என 9 மாதிரிகளைப் பார்த்தார்கள், 8 கரடி, 1 நாய்.

இதில் சைக்ஸ் செய்தது எனக்குப் பிடித்த விஷயம். கேலி செய்யாமல், "கொண்டு வாருங்கள், பார்க்கிறோம்" என்றார். சந்தேகப்படுவது என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆய்வகத்திலிருந்து "அடையாளம் காண முடியவில்லை" என்று வந்தால் அதன் பொருள் டிஎன்ஏ சிதைந்திருக்கிறது, அளவு போதவில்லை, அல்லது மாதிரி கலந்திருக்கிறது என்பது. புதிய குரங்கினம் என்றால் முடிவு வேறு மாதிரி வரும்: தெளிவான வரிசை கிடைக்கும், மனிதக் குரங்குகளுக்கு நடுவே எங்கே உட்காருகிறது என்று சொல்ல முடியும், இன்னொரு ஆய்வகம் செய்தாலும் அதே விடை வரும். இந்த இரண்டையும் குழப்புவதுதான் நான் பார்த்ததிலேயே அதிகமாக நடக்கும் தவறு.

9. இரவுச் சத்தம்

ஃபோனில் ரெக்கார்டரை முகாமிட்டதும் போட்டு ஓட விடுங்கள். சத்தம் கேட்ட பிறகு போட்டால் அதற்கு முன் என்ன கேட்டது என்பது இருக்காது. பல நேரம் அந்த முந்தைய இரண்டு நிமிடத்தில்தான் ஆந்தை தன் வழக்கமான குரலில் கூப்பிட்டிருக்கும்.

பார்டு ஆந்தைகள் இரண்டு சேர்ந்தால் குரங்குக் கூட்டம் மாதிரி கத்தும். செப்டம்பரில் ஆண் எல்க்கின் அழைப்பு விசில் போல உயர்ந்து கிறீச்சிடும். நரியின் அலறல் மனிதக் குரலாகவே கேட்கும். இரண்டு மூன்று கயோட்டிகள் ஒரு பெரிய கூட்டம் மாதிரி ஒலிக்கும். மரத்தில் தட்டும் சத்தம் என்றால் மரங்கொத்தி, குளிரில் வெடிக்கும் மரம், அப்புறம் மறக்காமல், பள்ளத்தாக்கின் மறுபக்கத்தில் பிக்ஃபுட் பதில் கொடுக்குமா என்று உங்களைப் போலவே மரத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் இன்னொரு குழு. நீங்கள் தட்டியதற்குப் பதில் வந்தால் முதலில் அன்று அந்தப் பகுதியில் வேறு யார் முகாமிட்டார்கள் என்று விசாரியுங்கள்.

கார்னெல் பல்கலைக்கழகத்தின் மெக்காலே நூலகத்தில் லட்சக்கணக்கான விலங்கு, பறவை ஒலிகள் இலவசமாகக் கேட்கக் கிடைக்கின்றன. உங்கள் பதிவை அவற்றோடு ஒப்பிடுங்கள், ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு பதிவோடு நிறுத்தாதீர்கள். ஒரே ஆந்தைக்குப் பத்து விதமான குரல் உண்டு.

10. உடைந்த மரம், குச்சிக் கூடாரம்

இவற்றையும் பிக்ஃபுட்டின் வேலை என்பார்கள், இதற்கு நேரம் செலவழிக்க வேண்டாம். பனிப்பாரத்தில் இளமரம் வளையும், காற்றில் முறியும், விழும் மரம் இன்னொன்றின் மேல் சாய்ந்து எக்ஸ் வடிவம் ஆகும், குழந்தைகளும் முகாமிடுகிறவர்களும் குச்சிகளைக் கூம்பாகச் சாய்த்து வைப்பார்கள். யார் செய்தது என்று பிரித்துச் சொல்லக்கூடிய எந்தக் குறியும் மரத்தில் மிச்சம் இருக்காது. பட்டையில் முடி ஒட்டியிருந்தால் எட்டாவது படிக்குப் போங்கள், இல்லையென்றால் நடையைக் கட்டுங்கள்.

11. கண்ணால் பார்த்தது, கேமராவில் விழுந்தது

ஒருவர் உருவத்தைப் பார்த்ததாகச் சொன்னால் "எவ்வளவு உயரம்?" என்று கேட்காதீர்கள், "என்ன பார்த்தீர்கள்?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவரைப் பேசவிடுங்கள். அப்புறம் அதே நேரத்து வெளிச்சத்தில் அதே இடத்துக்கு அவரோடு போய், உருவம் நின்ற இடத்தில் அளவு குறித்த கழியோடு ஒருவரை நிறுத்துங்கள். பக்கத்து மரத்தின் எந்தக் கிளை வரை தெரிந்தது என்று கேட்டால் அடிக்கணக்கைவிட நம்பகமான பதில் கிடைக்கும்.

இருட்டில் கண் பளபளத்தது என்று சொன்னால் அதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள், அது பெரிய துப்பு. கரடி, மான், மலைச்சிங்கம் இவற்றின் கண்ணுக்குள் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் படலம் உண்டு. மனிதனுக்கோ மனிதக் குரங்குகளுக்கோ அது கிடையாது. டார்ச் வெளிச்சத்தில் பளீரென்று ஒளிர்ந்த கண் குரங்கினத்துக்கு எதிரான சாட்சி, பலரும் அதைத் தலைகீழாக ஆதரவுச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறார்கள்.

டிரெயில் கேமராவில் (விலங்கு கடக்கும்போது தானாகவே படம் எடுக்கும் கேமரா) வந்த படம் என்றால் அந்த ஒரு படத்தை மட்டும் பார்க்காதீர்கள், அன்றைய எல்லாப் படங்களையும் வரிசையாகப் பாருங்கள். 2007-இல் பென்சில்வேனியாவின் அலெகெனி தேசியக் காட்டில் ஒரு கேமராவில் ஒல்லியான, கைகால் நீண்ட ஒரு உருவம் குனிந்திருப்பது பதிவானது, இளம் பிக்ஃபுட் என்று நாடெங்கும் பேச்சு. அதே கேமராவில் சற்று முன்னால் கரடிக் குட்டிகள் விழுந்திருந்தன. சொறி நோயால் முடி கொட்டிய கரடி என்று மாநில வனவிலங்குத் துறை சொன்னது.

வீடியோ எடுத்தால் கேமராவின் அமைப்பு, எந்த லென்ஸ், வினாடிக்கு எத்தனை ஃபிரேம், நின்ற இடம், உருவம் இருந்த இடம் எல்லாவற்றையும் அன்றே எழுதுங்கள். 1967 அக்டோபர் 20 அன்று கலிஃபோர்னியாவின் பிளஃப் கிரீக்கில் ராஜர் பேட்டர்சனும் பாப் கிம்லினும் பிக்ஃபுட் நடந்து போகிறது என்று எடுத்த படம் இன்னும் தீராத வழக்காக நிற்பதற்கு ஒரு காரணம், படம் எந்த வேகத்தில் ஓடியது என்பது உறுதியாகப் பதிவாகவில்லை. 16, 18, 24 என்று ஒவ்வொரு வேகத்துக்கும் அந்த நடை வேறு மாதிரி தெரியும். ஒரு எண்ணை அன்று குறித்திருந்தால் பாதி விவாதம் நடந்தே இருக்காது.

12. மனிதர் செய்த வேலையா என்று கேளுங்கள்

இது யாரையும் அவமதிக்கும் கேள்வி இல்லை. தடயத்தைக் கண்டெடுத்தவர் நேர்மையானவராகவே இருக்கலாம், அவரையும் இன்னொருவர் ஏமாற்றியிருக்கலாம். 1958-இல் அதே பிளஃப் கிரீக் பகுதியில் சாலை போடும் வேலையில் இருந்த ஜெரி குரூ தன் புல்டோசரைச் சுற்றி 16 அங்குலத் தடங்களைப் பார்த்து வார்ப்பு எடுத்தார், ஹம்போல்ட் டைம்ஸ் செய்தி போட்டது, பிக்ஃபுட் என்ற பெயர் பரவியதே அதிலிருந்துதான். அந்தச் சாலை வேலையின் ஒப்பந்ததாரர் ரே வாலஸ் 2002-இல் இறந்த பிறகு, தடம் பதிக்கச் செய்த மரப் பாதங்களை அவர் குடும்பத்தார் வெளியே காட்டினார்கள்.

மரப் பாதம் வளையாது. அதனால் வரிசையில் உள்ள தடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள்: ஏறும்போது விரல் அழுந்தி, இறங்கும்போது குதிகால் அழுந்தி, கல்லின் மேல் பாதம் மடிந்து என்று மாறிக்கொண்டே வர வேண்டும். எல்லாம் ஒரே அச்சு என்றால் சந்தேகப்படுங்கள். தடம் எங்கே தொடங்குகிறது, எங்கே நிற்கிறது என்பதும் முக்கியம். சாலையோரத்தில் தொடங்கிக் கெட்டித் தரையில் முடிந்து, நடுவில் நன்றாகப் பதியும் சேற்றில் மட்டும் இருந்தால் அதை எழுதிவைக்க வேண்டும். தடத்துக்குப் பக்கத்தில் மனிதச் செருப்புத் தடம் எதுவும் இல்லையா, அல்லது துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறதா?

13. கதை சொல்லாமல் காட்டுங்கள்

இப்போது உங்களிடம் படம், அளவு, குறிப்பு எல்லாம் இருக்கின்றன. தடம் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் பிக்ஃபுட் என்ற சொல்லே வராமல் அனுப்புங்கள். "இந்தத் தடம் எதனுடையது?" அவ்வளவுதான். விலங்கு, செடிப் படங்களை மற்றவர்கள் பார்த்து அடையாளம் சொல்லும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் போடலாம், மாநில வனவிலங்குத் துறையிடம் கேட்கலாம், ஊர் வேட்டைக்காரர் ஒருவரிடம் காட்டலாம். சந்தேகமில்லாத கரடித் தடம் ஒன்றையும் எல்க் தடம் ஒன்றையும் கலந்து அனுப்பினால் இன்னும் நல்லது, பதில் சொல்பவரின் திறமையும் தெரிந்துவிடும்.

முன்கதையோடு அனுப்பினால் நம்புகிறவர் பிக்ஃபுட் என்பார், நம்பாதவர் பார்க்காமலேயே கரடி என்பார். இரண்டு பதிலாலும் உங்களுக்குப் பயனில்லை.

14. முடிவை எழுதும் விதம்

மூன்று வரி போதும். என்ன பதிவானது. எதை எந்தக் காரணத்தால் விலக்கினேன். எதை விலக்க முடியவில்லை. மூன்றாவது வரியில் "கருங்கரடி, இரண்டு கால் தடம் சேர்ந்து விழுந்தது, விலக்க முடியவில்லை" என்று இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். மூன்றாவது வரி காலியாக இருந்தால் "அடையாளம் தெரியவில்லை" என்று எழுதுங்கள், அதைத் தாண்டிப் போகாதீர்கள். நாம் யோசிக்காத ஒரு விலங்கோ சூழ்நிலையோ எப்போதும் மிச்சம் இருக்கும்.

பத்துப் பலவீனமான தடயங்களைக் கூட்டி ஒரு பலமான தடயம் ஆக்குகிற ஆசை இந்த இடத்தில்தான் வரும். தடம் இருந்தது, சத்தமும் கேட்டது, மரமும் உடைந்திருந்தது, எல்லாம் ஒரே இரவில். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சாதாரணக் காரணம் இருந்தால் அவை சேர்ந்து வந்ததால் எதுவும் கூடிவிடாது. காட்டில் ஒரு இரவு முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் இத்தனையும் கிடைக்கத்தான் செய்யும்.

அப்படியென்றால் போதுமான சான்று எப்படி இருக்கும்? கலிஃபோர்னியாவில் 1920-களுக்குப் பிறகு வுல்வரின் என்ற விலங்கு இருப்பதாக யாராலும் உறுதி செய்ய முடியவில்லை. 2008 பிப்ரவரியில் டாஹோ தேசியக் காட்டில் வேறொரு விலங்கை ஆராய வைத்திருந்த கேமராவில் ஒரு வுல்வரின் விழுந்தது. படம் தெளிவாக இருந்தும் அவர்கள் அதோடு நிறுத்தவில்லை. அங்கே போய் முடி சேகரித்தார்கள், டிஎன்ஏ பார்த்தார்கள், அது ராக்கி மலைப் பகுதியைச் சேர்ந்த ஆண் விலங்கு என்பது வரை தெரிந்தது. வேறு வேறு வழியில் கிடைத்த சான்றுகள் ஒரே விடையைச் சொன்னன, யார் வேண்டுமானாலும் திரும்பச் சோதிக்கலாம் என்ற நிலையில் இருந்தன. மாநிலத்தில் ஒரே ஒரு விலங்கு, அதையே இப்படிப் பிடிக்க முடிந்தது.

உங்கள் தடயம் அந்த அளவுக்கு வரவில்லை என்றால் தூக்கிப் போட வேண்டாம். படங்களின் அசல் கோப்பு, வார்ப்பு, உறைகள், ஆளாளுக்கு எழுதிய பக்கங்கள் எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரே பெட்டியில் வையுங்கள், முடி உறைகளை மட்டும் ஈரமில்லாத இடத்தில் தனியாக. அடுத்த மழைக்குப் பிறகு அதே ஓடைக்கரைக்குப் போய், அங்கே வழக்கமாக எந்தெந்த விலங்கு நடக்கிறது என்று பாருங்கள்.